சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்

(குடியாத்தத்தில் நூலக வார விழாக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் பெருமக்களே, வேலூரிலிருந்து இத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, பணி ஓய்வு பெற்ற பிறகும் பள்ளிக்கூடத்தை மறக்காத ஆசிரியப் பெருமக்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அன்பு மிகுதியால் அதிகமாகவே சொல்லிவிட்ட நூலகர் அம்மா அவர்களே, முறத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே, சகோதரிகளே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போனால் எனக்கு மனசு ஆறாது. நூலகத்தில் ஓடு மாற்றும் வேலை நடந்தபோது, வகுப்பு நின்றுவிடக் கூடாது என்று தன் ஜவுளிக் கடை மாடியை ஒழித்துக் கொடுத்தவர் அவர். லுங்கி பேல்களை எல்லாம் ஓரமாக அடுக்கிவிட்டு நடுவில் பாய் விரித்துக் கொடுத்தார். வாடகை என்று ஒரு பைசா கேட்கவில்லை. மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் எப்போது போனாலும் உட்கார வைத்துக் கேட்பார். நகர்மன்ற உறுப்பினர்கள் இருவரும் நேரத்துக்கு வந்து, கூட்டம் சேரும் வரை பொறுமையாகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கும் நம் அனைவர் சார்பிலும் நன்றி.

என்னை எதற்குப் பேசக் கூப்பிட்டார்கள் என்றால், நான் வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறவன். நூலகத்தில் மாலை நேரம் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்புக்காகக் காசு கேட்கிறவன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மூன்று விஷயம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, நூலகத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது. இரண்டு, நாம் கொடுக்கும் நன்கொடை எதற்குப் போக வேண்டும். மூன்று, கம்பெனிகளிடமும் வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகளிடமும் எப்படிக் கேட்பது.

இந்த மூன்றுக்கும் பொதுவாக ஒரு பழமொழி வைத்திருக்கிறேன். என்னோடு பழகியவர்களுக்கு அது தெரியும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. போடாதே என்று சொல்லவில்லை பாருங்கள். போடு, ஆனால் அளந்து போடு.

சரி, முதல் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு வரி கட்டுகிறோம். சொத்து வரி 100 ரூபாய் என்றால், அதோடு சேர்த்து 10 ரூபாய் நூலக வரியாக வாங்குகிறார்கள். நகராட்சி வசூல் செய்து நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுக்க வேண்டிய பணம் அது. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டத்தை முதலில் போட்டது நாம்தான். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அந்தச் சட்டத்துக்காகப் பல வருஷம் பாடுபட்டவர். ஆக, வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் இந்த நூலகத்துக்கு ஏற்கெனவே பங்கு கொடுத்தவர்கள்தான். பீடிக் கட்டு சுமந்து வரும் அம்மாவின் ஓட்டு வீட்டு வரியும் இதில் இருக்கிறது. பிறகு ஏன் அந்த அம்மா இந்தக் கதவைத் தாண்டி உள்ளே வரத் தயங்குகிறார்? இந்தக் கேள்விதான் என்னைத் தூங்க விடாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு ஆண்களில் 100-க்குச் சுமார் 87 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். பெண்களில் சுமார் 73 பேர். அந்தப் பதினான்கு பேர் இடைவெளி எங்கோ இல்லை. நம் தெருவில் இருக்கிறது. பிச்சனூரில் தறி வீட்டில் நூல் சுற்றுகிறது, தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறது, திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறது.

நூலக வரியில் கட்டடம் நிற்கும், புத்தகம் வரும், பத்திரிகை வரும், விளக்கு எரியும். ஆனால் அறுபது வயது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் விரலைப் பிடித்து ‘அ’ போடச் சொல்லித்தருவதற்கு ஓர் ஆள் வேண்டும். நம் ஊரில் அந்த ஆளுக்குப் பணம் நம் கையிலிருந்துதான் வருகிறது. மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022-ல் தொடங்கியது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான திட்டம். நல்ல திட்டம். அது தன்னார்வலர்களை நம்பி நடக்கிற திட்டம். தன்னார்வலர் என்றால் யார்? நம் வீட்டுப் பெண் பிள்ளைதான். காலேஜ் முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண். நாலு மாதம் சந்தோஷமாக வரும். அப்புறம் வேலூரில் ஒரு கடையில் கணக்கு எழுத வேலை கிடைக்கும், போய்விடும். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியுமா? அது போனதோடு வகுப்பும் போய்விடும். பாதி எழுத்தோடு நிற்கிற அம்மாமார் மறுபடி திண்ணைக்குப் போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். காமராசர் 1954-ல் முதலமைச்சரானபோது சட்டமன்றத்துக்கு எந்த ஊரிலிருந்து போனார்? குடியாத்தத்திலிருந்து. இடைத்தேர்தலில் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பினோம். (கைதட்டல்) அவர் காலத்தில்தான் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வந்தது, மதிய உணவு வந்தது. எல்லாம் கஜானாப் பணம் என்று நினைத்துவிடாதீர்கள். மதிய உணவில் ஊர் மக்களின் பங்கு இருந்தது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர்தோறும் நடத்தினார். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், நாற்காலி என்று ஊரார் கொண்டுவந்து மேடையில் கொடுத்தார்கள். யார் எதைக் கொடுத்தார் என்று பட்டியல் எழுதினார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு! முதலமைச்சர் வந்து அந்த மேடையில் உட்கார்ந்திருப்பார். ஏழை ஊர் தன் பிள்ளைகளுக்கு ஒரு பெஞ்சு கொடுப்பதைப் பார்க்க முதலமைச்சர் வருவார் என்றால், அந்த நன்கொடைக்கு எவ்வளவு மரியாதை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொருவரையும் நம் ஊர்க்காரர் மறக்கக் கூடாது. டாக்டர் ஐடா ஸ்கடர். 1900-ல் வேலூரில் அப்பா வீட்டில் ஒரே ஒரு கட்டிலோடு மருத்துவம் தொடங்கினார். நியூயார்க்கில் ஷெல் என்னும் வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவி நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1902-ல் மருத்துவமனை எழுந்தது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வருவது வேறு. அந்த அம்மா வாரந்தோறும் வேலூரிலிருந்து எங்கே வந்துகொண்டிருந்தார்? நம் குடியாத்தத்துக்கு. வழியில் மரத்தடியில் நோயாளிகளோடு ஜனங்கள் காத்திருப்பார்கள். வண்டியை நிறுத்திப் பார்ப்பார். அப்படித்தான் சாலையோர மருத்துவம் என்று ஒரு ஏற்பாடே உண்டானது. கட்டடத்துக்குள் உட்கார்ந்துகொண்டு ‘வருகிறவர்கள் வரட்டும்’ என்று அவர் இருக்கவில்லை. டாலர் கொடுத்தவர் நியூயார்க்கில். அந்தக் காசு மருந்தாக மாறி வந்து நின்றது நம் ரோட்டில். நடுவில் ஓர் ஆள் இருந்ததால் அது நடந்தது.

இரண்டாவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். நன்கொடை எதற்குப் போக வேண்டும்? ஆளுக்குப் போக வேண்டும். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன், இன்றும் சொல்கிறேன்.

நூலகத்துக்குக் கொடுக்கிறேன் என்று யாராவது வந்தால் முதலில் பீரோ என்பார்கள். அடுத்தது மின்விசிறி. அப்புறம் நாற்காலி. எல்லாம் வேண்டியதுதான், கொடுத்தவர்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தவர்களுக்கும் நன்றி. இன்று மட்டும் எத்தனையோ பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று நூலகர் அம்மா சொன்னார், மகிழ்ச்சி. ஆனால் பீரோவில் பெயர் எழுதலாம், ஆளின் நெற்றியில் பெயர் எழுத முடியாது. அதனால் ஆளுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி என்று ஓர் இரும்பு வியாபாரி இருந்தார். உலகம் முழுக்க 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப் பணம் கொடுத்தார். ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ‘கட்டடத்துக்கு நான் தருகிறேன். இடம் ஊர் தர வேண்டும். நான் கொடுத்த தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நூலகம் நடத்த ஊர் ஒதுக்க வேண்டும். சம்மதமா?’ என்று எழுதி வாங்கிக்கொள்வார். அவ்வளவு பெரிய பணக்காரர் அளந்துதான் போட்டிருக்கிறார். கட்டடம் கட்டுவது ஒரு நாள் செலவு, நடத்துவது என்றைக்கும் செலவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நம் மாநிலத்தில் 2006-க்குப் பிறகு, அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகம் கட்டினார்கள். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் பேரணாம்பட்டுப் பக்கமும் கே.வி. குப்பம் பக்கமும் போகும்போது பாருங்கள், அதில் எத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று. திறந்து உட்கார ஆள் நிலைக்கவில்லை. பம்புசெட் போட்டுவிட்டுக் கரண்டு வாங்காமல் விட்ட கிணறு போல அது நிற்கிறது. அந்தப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ரங்கநாதன் ஐயாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1931-ல் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பும் நூலக வண்டி ஓடியது. அந்த யோசனைக்குப் பின்னால் அவர் இருந்தார். சிக்கனமாக வாழ்ந்தவர். தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம்! எதற்குக் கொடுத்தார்? தன் பெயரில் ஒரு மாளிகை எழுப்பச் சொன்னாரா? நூலகவியல் சொல்லிக் கொடுக்க ஒரு பேராசிரியர் பதவிக்கு, தன் மனைவி சாரதா அம்மாவின் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார். நூலகத்தைப் பற்றி இந்தியாவில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர் தன் பணத்தை ஓர் ஆளுக்குத்தான் கொடுத்தார்.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். பின்வரிசையில் சில பேருக்கு இது தெரியும். அந்த அம்மாவும் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியம்மா என்று சொல்கிறேன், எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

மோர்தானா அணை நிரம்பி நம் கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்ததே, 2021-ல், அதற்கு அடுத்த வருஷம். பெரியம்மாவின் பேத்தி இங்கே கதைப் புத்தகம் படிக்க வரும். பெரியம்மா கூட்டிப்போக வருவார். படிக்கட்டில் உட்காருவார், உள்ளே வரமாட்டார். நூலகர் அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்தார். ‘எனக்கு எதுக்கும்மா, கால்ல மண்ணு’ என்பார். கால் மண்ணைச் சாக்காகச் சொல்லி ஒரு வருஷம் போனது. ஒரு நாள் நல்ல மழை. படிக்கட்டில் உட்கார முடியாது. வேறு வழியில்லாமல் உள்ளே வந்தார். உள்ளே வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. வகுப்பு எடுக்கும் பெண், நம் நெல்லூர்ப்பேட்டைப் பெண், கெட்டிக்காரி. ‘எழுதப் படிக்கக் கத்துக்கோங்க’ என்றெல்லாம் அது சொல்லவில்லை. ‘பெரியம்மா, உங்க பை நனையுது, மேல வையுங்க’ என்றது. பையைத் திறந்து பெரியம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இலை வெட்டுகிற கத்தரிக்கோல், தகடு, நூல் கண்டு, கடைசியாக ஒரு பாஸ் புத்தகம். பீடிக் கணக்குப் புத்தகம். அட்டை நனைந்துவிட்டது. ‘இதுல என்ன எழுதியிருக்கு பெரியம்மா?’ என்று கேட்டது அந்தப் பெண். ‘எனக்கு எங்கே தெரியும், அவுங்க எழுதுவாங்க’ என்றார்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. மழை விட்டது, போய்விட்டார். மறுநாள் தானாகவே உள்ளே வந்தார். கால் கழுவிக்கொண்டு வந்தார். ‘அந்தப் புஸ்தகத்தைப் படிக்க எத்தனை நாள் ஆகும்?’ என்று கேட்டார். எந்தப் புஸ்தகம்? பாஸ் புத்தகம்! அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். நம் பெண்ணும் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அந்தப் பாஸ் புத்தகத்தையே பாடமாக வைத்துக்கொண்டது. முதலில் பெரியம்மாவின் பெயர். அடுத்தது தேதி. அடுத்தது இலை, தூள், கட்டு, கழிவு. கழிவு என்றால் சரியில்லை என்று ஒதுக்கும் பீடி. எண்கள் அவருக்குக் கொஞ்சம் தெரியும். ரூபாய் நோட்டைப் பார்த்தும் பஸ் நம்பரைப் பார்த்தும் பழகியதுதான். எழுத்துதான் வரவில்லை. விரல் எல்லாம் காய்ப்புக் காய்த்துப்போன விரல். இலையை மடக்கி மடக்கி நுனி தேய்ந்த விரல். அந்த விரலுக்குப் பென்சில் நிற்காது, வழுக்கும். ‘பீடி எவ்வளவு மெல்லிசு, அதைப் புடிக்கிறேன், இந்தக் குச்சியைப் புடிக்க முடியலையே’ என்று அழுதுவிட்டார். பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டி கையைப் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் சில மாதம் கழித்து ஒரு நாள் தானே பாஸ் புத்தகத்தைப் பிரித்துப் படிக்கிறார். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் 1000. இது பீடி சுற்றும் வீட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவர் 40 கட்டு கொடுத்திருக்கிறார், நன்றாக ஞாபகம் இருக்கிறது. புத்தகத்தில் 36 என்று இருக்கிறது. சரி, கழிவு போயிருக்கும் என்று கழிவுக் கட்டத்தைப் பார்க்கிறார். காலி. முந்தின வாரத்தைப் பார்க்கிறார். அங்கேயும் அப்படித்தான். கட்டு குறைந்திருக்கிறது, கழிவு காலி. பேத்தியைக் கூப்பிட்டு ‘நான் சரியாத்தான் படிக்கிறேனா?’ என்று மூன்று தடவை கேட்டிருக்கிறார். சரியாகத்தான் படித்திருக்கிறார்.

மறுநாள் ஏஜென்ட் வீட்டு வாசலில் வரிசை. யார், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இந்த மேடைக்கு வேண்டாம். பெரியம்மா முறை வந்தது. சண்டை போடவில்லை. சத்தமும் போடவில்லை. புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்து, ‘தம்பி, நாலு கட்டு எதுக்குக் கழிச்சே? கழிவுன்னு இருக்கிற எடத்துல ஒண்ணும் எழுதலையே’ என்று கேட்டார். (கைதட்டல்) வரிசை அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தம்பி பெரியம்மாவைப் பார்க்கிறான், புத்தகத்தைப் பார்க்கிறான். ‘ஒனக்கு யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?’ என்றான். அவர் சொன்ன பதில்: ‘லைப்ரரி!’ (நீண்ட கைதட்டல்)

அந்த நாலு கட்டும் திரும்ப எழுதப்பட்டது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த வாரமே வரிசையில் நின்ற பெண்களில் சிலர் ஆளுக்கொரு பாஸ் புத்தகத்தோடு இந்த நூலகத்துக்கு வந்தார்கள். கால் மண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும், அளவு எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவரிடம் அந்தப் பழமொழி என்ன வேலை செய்யும்? தன் உழைப்பை அளக்கும் கோலையே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நின்றார்கள் நம் தாய்மார்கள். அந்தக் கோலை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்தது நம் நெல்லூர்ப்பேட்டைப் பெண். அந்தப் பெண்ணுக்கு மாதம் பிறந்தால் கையில் ஏதாவது கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் திட்டம் இதுதான். வகுப்பு எடுப்பவருக்கு மாதம் 3,000 ரூபாய். ஒரு வகுப்புக்கு ஓர் ஆள். மாதம் 100 ரூபாய் கொடுக்க முப்பது பேர் சேர்ந்தால் ஒரு வகுப்பு நிற்கும். இன்னும் முப்பது பேர் சேர்ந்தால் தரணம்பேட்டையில் இன்னொரு வகுப்பு. மொத்தமாக 10,000 கொடுத்துவிட்டு மறந்துவிடும் ஒருவரைவிட, மாதாமாதம் 100 கொடுக்கும் ஒருவர் எங்களுக்குப் பெரியவர். பணக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. மொத்தமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வோம், அதையும் மாதம் மாதமாகப் பிரித்து ஆளுக்குத்தான் கொடுப்போம்.

மாதாமாதம் பணம் கட்டுவது என்றாலே நம் மாவட்டத்தில் ஜனங்களுக்குப் பயம் வந்துவிட்டது. சீட்டு என்றும் வட்டி என்றும் சொல்லி எத்தனை குடும்பத்தின் நகையும் வீட்டுப் பத்திரமும் போயிருக்கிறது! அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். கடைத்தெருவில் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார், ‘சார், நீங்க நல்லவர், உங்களுக்கு அப்புறம் வர்றவர்?’ என்று. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் கணக்குதான். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறோம். பத்து ரூபாய் வைத்தவர் பெயரும் நோட்டில் இருக்கிறது, இருபது வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கிறோம். சொந்த வீட்டு விசேஷத்துக்கு அவ்வளவு கவனமாக எழுதத் தெரிந்த நமக்கு, பொதுக் காரியம் என்றால் மட்டும் ஏன் ரசீது புத்தகம் காணாமல் போகிறது?

அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு மாதமும் வரவும் செலவும் நூலக வாசல் பலகையில் ஒட்டப்படும். பெரிய எழுத்தில், கையால் எழுதி. வகுப்பில் படிக்கும் அம்மாமார்தான் அதை எழுதுவார்கள், அதுவே அவர்களுக்கு எழுத்துப் பயிற்சி. கூட்டல் சரியா என்று ரோட்டில் போகிற யாரும் நின்று பார்க்கலாம். பணம் கையில் வாங்குவதைக் கூடியவரை குறைக்கிறோம், ஜிபேயில் வங்கிக் கணக்குக்கே போடுங்கள். வருமான வரி கட்டுகிறவர்களுக்கும் ஒரு செய்தி. பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால்தான் நன்கொடைக்கு வரி விலக்கு கிடைக்கும். அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்த விலக்கு இல்லை. இதை மறைத்து, ‘கொடுங்க, வரி மிச்சம்’ என்று எங்கள் ஆட்கள் யாரும் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வரி மிச்சமாகிறதோ இல்லையோ, ரசீது உண்டு. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

மூன்றாவது விஷயம் கம்பெனிகள். தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 கம்பெனிச் சட்டத்தில் 135-ஆம் பிரிவு இருக்கிறது. ஓர் ஆண்டில் நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, கடந்த மூன்று ஆண்டு லாபச் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணிக்கு என்று ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதில் கல்வி இருக்கிறது, பொது நூலகம் அமைப்பது என்றும் இருக்கிறது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் தோல் தொழிற்சாலைகள், ஷூ கம்பெனிகள் எத்தனை இருக்கின்றன! சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்பே மேல்விஷாரத்தில் பிறந்து தோல் வியாபாரத்தில் வளர்ந்த நவாப் சி. அப்துல் ஹக்கீம், சென்னை சென்ட்ரல் பக்கத்தில் பயணிகள் தங்குவதற்குச் சித்திக் சராய் கட்டிக் கொடுத்தார். அந்த மனசு இந்த மண்ணில் புதிதில்லை. கம்பெனிகளிடம் எப்படிக் கேட்பது, யார் போவது என்பதையெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வந்தேன். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் அனுப்பும் பணத்துக்கு என்ன நடைமுறை என்பதும் இருக்கிறது. இன்றைக்கு நேரம் இல்லை. ஒன்று மட்டும். அவர்களிடம் போனாலும் நாம் கேட்க வேண்டியது ஆளுக்கான பணம்தான். மூன்று வருஷத்துக்கு இரண்டு ஆசிரியர் என்று எழுதிக் கேளுங்கள்.

நோட்டு, நூலகர் அம்மாவின் மேசையில் இருக்கிறது. பெயர், தெரு, மாதம் எவ்வளவு என்று மூன்று கட்டம் போட்டிருக்கிறோம். முதல் பெயர் தலைவர் ஐயாவுடையது, இரண்டாவது பெயர் பெரியம்மாவுடையது, மாதம் 20 ரூபாய், அவரே எழுதியது. மேடையை விட்டு இறங்கியதும் பெரியவர்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் அந்த மேசைப் பக்கம் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பு திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஆறரை மணிக்கு, இதே கூடத்தில். பாஸ் புத்தகம், ரேஷன் கார்டு, மின்வாரிய அட்டை, எது படிக்க வேண்டுமோ அதைக் கையோடு எடுத்து வாருங்கள். வாய்ப்புக் கொடுத்த வாசகர் வட்டத்துக்கும், பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்.